வெள்ளிக்கிழமை யாருக்கெல்லாம் தெரியும்? பிரிட்டிஷ் சோப் தொடருக்கு ஒரு வாரக் கதை எழுதும் முறை

பிரிட்டிஷ் சோப் தொடரில், அதாவது ஒரே தெருவைச் சுற்றி வருடக்கணக்கில் ஓடும் டிவி சீரியலில், புதுச் சம்பவம் என்று எதுவும் மிச்சமில்லை. கடன், கள்ள உறவு, யாருடைய பிள்ளை என்ற கேள்வி, உடன்பிறந்தவர் சண்டை, குடி, அடிதடி எல்லாவற்றையும் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பர் 9 முதல் காட்டிவருகிறது. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1985 பிப்ரவரி 19 முதல். அதே சரக்கு, அதே தெரு. இருந்தும் ஜனம் உட்கார்ந்து பார்ப்பதற்குக் காரணம், ஒரு வீட்டு விஷயம் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும் வழி ஒவ்வொரு முறையும் வேறாக இருப்பதுதான். முதலில் யார் காதில் விழுந்தது, யார் வாயை மூடிக்கொண்டார், யார் பாதியைக் கேட்டுவிட்டுத் தப்பாக நினைத்தார் என்பதில்தான் வாரம் ஓடுகிறது.

அதனால் வாரத்தை எழுத உட்காரும்போது "என்ன நடக்கப் போகிறது" என்று ஆரம்பிக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் யாருக்கு என்ன தெரியும், வெள்ளிக்கிழமை இரவு யாருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இரண்டு பட்டியல் போடுங்கள். இடையில் உள்ள தூரம்தான் நீங்கள் எழுத வேண்டிய கதை.

முதலில் அளவு

2026 ஜனவரியிலிருந்து 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் அரை மணி நேரம், இரவு 8.30க்கு வருகிறது. அதற்கு முந்தைய அரை மணி 'எமர்டேல்' தொடருக்கு. பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' திங்கள் முதல் வியாழன் வரை நான்கு எபிசோட். முதல் இரண்டையும் ஒளிபரப்பும் ஐடிவியின் அரை மணி நேரத்தில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது சுமார் 22 நிமிடம். பிபிசியில் விளம்பரம் இல்லாததால் அரை மணிக்குச் சற்றுக் குறைவு. இந்த வித்தியாசம் எழுத்தையே மாற்றும். ஐடிவி எபிசோடுக்குப் பார்ப்பவரைப் பிடித்து வைக்கும் இரண்டு கொக்கி வேண்டும், இடைவேளைக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. பிபிசி எபிசோட் ஒரே ஏற்றமாக ஏறி, கடைசி முகத்தில் நின்று, 'ஈஸ்ட்எண்டர்ஸ்' முடிவிசையின் அந்த டிரம் அடியில் முடிய வேண்டும். ஐடிவிக்கு எழுதிய எபிசோடை அப்படியே பிபிசி வடிவத்துக்கு மாற்றினால் நடுவில் காரணமில்லாமல் ஒரு மேடு தெரியும்.

22 நிமிடத்துக்கு 18 முதல் 20 சீன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீனுக்குச் சராசரி ஒரு நிமிடம் சொச்சம். மெயின் ட்ராக்குக்கு ஒன்பது அல்லது பத்து சீன், இரண்டாவது ட்ராக்குக்கு ஆறு, சிரிப்பு ட்ராக்குக்கு மூன்று அல்லது நான்கு. மெயின் ட்ராக் பன்னிரண்டைத் தாண்டினால் அதே நான்கு முகம் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். அந்த நான்கு பேருக்கும் ஷூட்டிங்கில் உடை மாற்றக்கூட நேரம் இருக்காது.

தமிழ் மெகா சீரியலுக்கு எழுதிப் பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் ஒரு அதிர்ச்சியை ஐந்து முகத்தில் மாறி மாறிக் காட்டலாம், பின்னணி இசை கைகொடுக்கும். பிரிட்டிஷ் சோப்பில் சீனுக்குள் பின்னணி இசை பெரும்பாலும் கிடையாது. பாத்திரம் கழுவும் சத்தம், பஸ் போகும் சத்தம், பப்பின் இரைச்சல் இவ்வளவுதான். அதிர்ச்சி வசனத்துக்கு அடுத்த மௌனத்தில் வர வேண்டும். அதற்கு இடம் விட்டு எழுதுங்கள்.

தெருவின் வரைபடம்

எழுதும் மேஜைக்கு மேலே தெருவின் வரைபடம் ஒட்டியிருக்க வேண்டும். 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' நடக்கும் வெதர்ஃபீல்ட் கற்பனை ஊர். தெருவுக்கு மாதிரியாக இருந்தது சால்ஃபோர்டின் ஆர்ச்சி ஸ்ட்ரீட். தோட்டம் இல்லாத வரிசை வீடுகள், கதவைத் திறந்தால் நேரே நடைபாதை, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், பின்னால் குறுகிய சந்து. சாப்பாட்டு மேஜையில் குரலை உயர்த்தினால் பக்கத்து வீட்டில் கேட்கும். இதை யாரும் வசனத்தில் விளக்க வேண்டியதில்லை, கட்டடமே சொல்லிவிடும். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' நடக்கும் ஆல்பர்ட் ஸ்கொயருக்கு லண்டன் டால்ஸ்டனில் உள்ள ஃபாசெட் ஸ்கொயர் மாதிரி. நடுவில் தோட்டம், அதில் பெஞ்ச், சுற்றி வீடுகள். பெஞ்சில் உட்கார்ந்து அழுபவரை நான்கு பக்கத்து ஜன்னலிலிருந்தும் பார்க்கலாம். சால்ஃபோர்டுத் தெருவில் விஷயம் காதுவழி போகும், லண்டன் சதுக்கத்தில் கண்வழி போகும்.

ஒவ்வொரு பொது இடத்துக்கும் விஷயத்தைக் கடத்தும் விதம் வேறு. தெருமுனைக் கடையில் வரிசையில் பின்னால் நிற்பவருக்குக் கேட்கும், ஆனால் அவர் கேட்காத மாதிரி நிற்க வேண்டும். காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்டரெட்டில் மெஷின் சுற்றி முடியும்வரை இரண்டு பேரும் எழுந்துபோக முடியாது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' பாத்திரமான டாட் காட்டன் அத்தனை வருடம் ஆல்பர்ட் ஸ்கொயர் லாண்டரெட்டில் வேலை பார்த்ததால்தான் ஊர்ச் சேதி அத்தனையும் அவள் வழியாகப் போக முடிந்தது. 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' தொடரின் அண்டர்வேர்ல்ட் மாதிரித் தையல் ஃபேக்டரியில் மெஷின்கள் ஓடும்வரை ரகசியம் பேசலாம், எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் பேசிய கடைசி வார்த்தை அத்தனை பேருக்கும் கேட்கும். 'கொரனேஷன் ஸ்ட்ரீட்'டின் ரோவர்ஸ் ரிடர்ன், 'ஈஸ்ட்எண்டர்ஸ்'இன் குயின் விக் மாதிரியான பப்பில் பாருக்கு முன்னால் ஊர், பாருக்குப் பின்னால் உள்ள அறையில் குடும்பம். நடுவில் ஒரு கதவுதான். சண்டை போட்ட இரு தரப்புக்கும் தெருவில் வேறு பப் இல்லை, அதனால் இருவரும் அங்கேதான் வர வேண்டும்.

இதில் தவறக் கூடாத விதி ஒன்று உண்டு. விஷயம் கைமாறும் இடத்தில் அந்த நபர் வழக்கமாக அந்த நேரத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். ஃபேக்டரியில் வேலை செய்பவள் காலை பதினொரு மணிக்குக் கஃபேயில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டால், அவள் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று பார்ப்பவர் கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் ரகசியம் மனதில் ஏறாது.

யாருக்குத் தெரியும் என்ற கட்டம்

சார்ட் பேப்பரில் இடப்பக்கம் பெயர்கள், மேலே ஐந்து நாள். பெயர்களுக்கு மேல் முதல் வரிசை பார்வையாளருக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்தில் ஒன்றை எழுதுங்கள்: தெரியாது, சந்தேகம், தப்பாகத் தெரியும், தெரியும், தெரிந்தும் மறைக்கிறார். கடைசி மூன்றில்தான் நாடகம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்க எந்தக் கட்டமும் மாறவில்லை என்றால் அந்த எபிசோடில் எத்தனை கத்தல் இருந்தாலும் கதை நகரவில்லை என்று அர்த்தம். ஒரே நாளில் எல்லாருடைய கட்டமும் "தெரியும்" ஆகிவிட்டால் அடுத்த வாரத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

இதற்கு 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1986-ஐவிட நல்ல பாடம் இல்லை. குயின் விக் பப்பை நடத்தும் டென், ஆங்கி தம்பதி. டென் விட்டுப் போகப் போகிறான் என்று தெரிந்ததும், தனக்கு இன்னும் ஆறு மாதம்தான் ஆயுள் என்று ஆங்கி பொய் சொல்கிறாள். அவன் நம்பி, தங்கிவிடுகிறான், வெனிஸுக்குக் கூட்டிப்போகிறான். திரும்பும் ரயிலில் அவள் குடித்துவிட்டுப் பார் ஊழியரிடம் உண்மையைச் சொல்வதை டென் கேட்டுவிடுகிறான். கேட்டதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸ் நாளில் அவள் கையில் விவாகரத்துக் காகிதத்தைக் கொடுக்கிறான். மறுஒளிபரப்பையும் சேர்த்து 3 கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். சம்பவம் என்று பார்த்தால் ஒரு உறை கைமாறியது, அவ்வளவுதான். ரயிலுக்கும் உறைக்கும் நடுவில் அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்று ஓடிய வாரங்கள்தான் அத்தனை பேரை உட்கார வைத்தன. ரயிலிலேயே அவன் கத்தியிருந்தால் அது ஒரு சாதாரண வியாழக்கிழமை.

ஒரு வாரம், சீன் சீனாக

முறையைக் காட்ட ஒரு மாதிரி வாரம். வடக்கு இங்கிலாந்துத் தெரு, ஐந்து எபிசோட். 6-ஆம் எண் வீட்டில் கணவனை இழந்த தாய், வெள்ளிக்கிழமை அவளுக்கு 70 வயது முடிகிறது. மகன் தெருக்கோடியில் கார் ரிப்பேர் கேரேஜ் நடத்துகிறான். மகள் பப்பில் வேலை செய்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி தாயின் நாற்பது வருடத் தோழி. அவளுடைய பேரன் அதே கேரேஜில் தொழில் பழகுகிறான். தாயின் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள மகனுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி உண்டு. கேரேஜ் மூழ்காமலிருக்க அவன் கொஞ்சம் கொஞ்சமாக 18,000 பவுண்ட் எடுத்துவிட்டான்.

அந்தப் பவரை இந்த வாரத்தில் உருவாக்க முடியாது. பதிவுக்கு அனுப்பினால் ஆட்சேபம் சொல்லவே நான்கு வாரம் விட வேண்டும், மொத்தத்தில் இரண்டு மாதம் போல ஆகிவிடும். ஆகவே மூன்று மாதம் முன்பே, வேறொரு ட்ராக்குக்கு நடுவில், தாய் சமையலறை மேஜையில் கையெழுத்துப் போடும் ஒரு நிமிட சீன் போயிருக்க வேண்டும். அன்று யாரும் அதைக் கவனிக்கக் கூடாது. டீ ஆறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே போடட்டும்.

திங்கள். கடை சீன்தான் வாரத்தின் விதை, இதற்கு ஒன்றரை நிமிடம் தாராளமாகக் கொடுங்கள். தாய் ரொட்டி, பால், பூனைக்கு டின் உணவு எடுத்து வைக்கிறாள். 7 பவுண்ட் 40 பென்ஸ். கார்டைத் தொடுகிறாள், மெஷின் மறுக்கிறது. "செருகிப் பாருங்க" என்கிறார் கடைக்காரர். செருகுகிறாள், நான்கு எண்ணையும் பார்க்காமலே தட்டுகிறாள். மறுபடி மறுக்கிறது.

"இந்த மெஷின் காலையிலேர்ந்தே தொந்தரவு பண்ணுது. நாளைக்குக் கொடுங்க."

"கடன் சொல்லி நான் எதுவும் வாங்கினதில்ல."

பூனை உணவை அவளே எடுத்து அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, சில்லறையை எண்ணி ரொட்டிக்கும் பாலுக்கும் மட்டும் கொடுக்கிறாள். பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி பத்திரிகை அடுக்கின் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இந்தச் சீனில் இரண்டு பொருள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்று, தாய் எண்ணைத் தயங்காமல் தட்டியது. இன்னொன்று, கடைக்காரர் மெஷினைக் குறை சொன்னது. அடுத்த ஆளின் கார்டு ஒழுங்காக வேலை செய்வதைக் கடைசி இரண்டு வினாடியில் காட்டினால் போதும். மாலையில் தாய் மகனிடம் சொல்ல, புதுக் கார்டு வரப்போவதால் பழையது நின்றிருக்கும் என்கிறான். எபிசோட் முடிவில் அவன் கேரேஜ் டிராயரைத் திறக்கிறான், உள்ளே அவள் பெயரில் பிரிக்காத ஆறு வங்கிக் கடிதம். பார்வையாளர் கட்டம் "தெரியும்" ஆகிறது. தெருவில் மற்ற யாருக்கும் தெரியாது.

செவ்வாய். இன்று ஒருத்திக்குத் தப்பாகத் தெரிய வேண்டும். கடையில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி நல்ல எண்ணத்தில் மகளிடம் சொல்கிறாள். அம்மா எண்ணை மறந்திருப்பாள், மறதி தொடங்கிவிட்டது என்று மகள் முடிவு கட்டுகிறாள். அண்ணனிடம் அழுகிறாள். இல்லை என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி இருக்கிறது. "நானும் கவனிச்சேன்" என்கிறான். கடிதத்தை ஒளித்தது பயம், இந்த ஒரு வசனம்தான் துரோகம். இதை இடைவேளைக்கு முன் வையுங்கள். முடிவில் மகள் அம்மாவிடமே கேட்டுவிடுகிறாள். அம்மா கோபப்படக் கூடாது. பயப்பட வேண்டும்.

இரண்டாவது ட்ராக் குப்பைத் தொட்டிச் சண்டை. எதிரும் புதிருமான இரண்டு வீடு, யாருடைய தொட்டி யாருடைய வாசலில் நிற்கிறது என்பதில் மூன்று நாள் சண்டை. தனியாகப் பார்த்தால் அற்பம். ஆனால் செவ்வாய் குப்பை வண்டி வந்துபோனதும் காலித் தொட்டியை உள்ளே இழுக்கப் பக்கத்து வீட்டுக்காரி வெளியே வருகிறாள். வாசலிலேயே தபால்காரரை மறித்து மகன் கடிதம் வாங்குவது அவள் கண்ணில் படுகிறது. இரண்டாவது ட்ராக்கின் வேலையே இதுதான், மெயின் ட்ராக்குக்குச் சாட்சியைச் சரியான நேரத்தில் தெருவில் நிறுத்துவது. (வாசல் மணிக் கேமராவை வைத்து இதைச் செய்யத் தோன்றும். வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். கேமரா பார்த்தால் அது வெறும் ஆதாரம், அயல்வீட்டாள் பார்த்தால்தான் சொல்வதா வேண்டாமா என்ற தவிப்பு வரும்.)

புதன். சிரிப்பு ட்ராக் பப்பில் நடக்கும் வினாடி வினா. தாய் இருக்கும் அணி எப்போதும் ஜெயிக்கும். இன்று ஒரு வருடத்தைக் கேட்கிறார்கள், அவள் பட்டென்று சரியாக எழுதுகிறாள். பிறகு பேனா நிற்கிறது. மகள் நேற்றுக் கேட்டது முகத்தில் தெரிகிறது. எழுதியதை அடித்துவிட்டு வேறு வருடம் எழுதுகிறாள், ஒரு மார்க்கில் அணி தோற்கிறது. மற்றவர்கள் சிரித்துக் கிண்டல் செய்ய, அடித்த விடையைப் பக்கத்து வீட்டுக்காரி மட்டும் பார்க்கிறாள். மறதி இல்லை, பயம் என்று அவளுக்குப் புரிகிறது. திங்கட்கிழமை கார்டு எண்ணைத் தட்டிய வேகமும் நினைவுக்கு வருகிறது. மூன்று நாளாகச் சிரிப்புக்கு ஓடிய ட்ராக் மெயின் ட்ராக்கோடு சேரும் இந்த இடம்தான் வாரத்தின் முதுகெலும்பு. இதைச் சுருக்காதீர்கள். தாய் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டத் தொடங்குகிறாள்: மாத்திரை, கேஸ், சாவி. நான்காவது சீட்டில் "வெள்ளி 2.30, பேங்க்". கேமரா அதில் நிற்கக் கூடாது, கடந்து போக வேண்டும்.

வியாழன். பக்கத்து வீட்டுக்காரி கேரேஜுக்குப் போய் நேரடியாகக் கேட்கிறாள். மகன் மறுக்கவில்லை. பணம் போன வழியைச் சொல்கிறான்: வாடகை, பாகங்கள், மூன்று பையன்களின் சம்பளம், அதில் ஒருவன் அவளுடைய பேரன். "நாளைக்குச் சொன்னா நாளைக்கே ஷட்டர் இறங்கும்." பேரன் பின்னால் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு "பாட்டி, டீ குடிக்கிறியா?" என்று கேட்கிறான். அவள் கட்டம் "தெரியும்" என்பதிலிருந்து "தெரிந்தும் மறைக்கிறார்" என்று மாறுகிறது. குடும்ப நாடகம் அயல்வீட்டு நாடகமாவது இங்கேதான். பேரன் இல்லாமல் எழுதிப் பாருங்கள், அவள் ஏன் இன்னும் சொல்லவில்லை என்பதற்குக் காரணமே இருக்காது. அன்றிரவு தாய் தோழியின் கையைப் பிடித்து, "எனக்கு மூளை சரியா இருக்கா, நீயாவது உண்மையைச் சொல்லு" என்று கேட்கிறாள். பதில் வருவதற்குள் எபிசோட் முடிகிறது.

வெள்ளி. ஊரில் வங்கிக் கிளை மூடிவிட்டதால் தாய் பஸ் ஏற வேண்டும், குப்பைத் தொட்டிச் சண்டைக்காரர்களில் ஒருவர் அவளை ஸ்டாப்பில் பார்க்கிறார். வங்கிக்குள் என்ன நடந்தது என்று காட்ட வேண்டியதில்லை. ஆறு மாத ஸ்டேட்மென்ட் அடங்கிய உறையோடு திரும்பி வருகிறாள், பஸ்ஸில் பிரிக்கிறாள், முகம். வசனமே இல்லாமல் இருபது வினாடி. மாலை பப்பில் பிறந்தநாள் விருந்து. உண்மை வெடிக்கும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். தாய் எழுந்து நின்று, கைப்பையைப் பிடித்துக்கொண்டு, மகனைப் பார்த்து, "என்னை இவ்வளவு நல்லாப் பார்த்துக்கிற பிள்ளை யாருக்குக் கிடைக்கும்" என்று சொல்லி நன்றி கூறுகிறாள். அவன் நிம்மதியாகக் கைதட்டுகிறான். கைப்பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வங்கி உறையைப் பக்கத்து வீட்டுக்காரி பார்க்கிறாள். ஃப்ரீஸ் மகன் முகத்தில் வேண்டாம், தாய் முகத்தில் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரி முகத்தில்.

காலண்டரில் விழும் பிழைகள்

பிரிட்டிஷ் பார்வையாளர் கதையின் நம்பமுடியாத விபத்தை மன்னிப்பார், நடைமுறைப் பிழையை மன்னிக்க மாட்டார். திங்கள் இறந்தவருக்கு வெள்ளிக்கிழமை இறுதிச்சடங்கு வைத்தால் உடனே தவறு தெரியும், அங்கே இரண்டு மூன்று வாரம் ஆவது சகஜம். மறுநாளே எடுத்துவிடும் நம் வழக்கம் மனதில் இருந்தால் இந்தப் பிழை தானாக வந்து விழும். ஆனால் அந்த இடைவெளி எழுத்தாளருக்கு வரம், ஒரே வீட்டில் துக்கத்தோடு மூன்று வாரம் எல்லாரையும் பூட்டி வைக்கலாம்.

பதிவாளர் அலுவலகக் கல்யாணத்துக்கு 28 நாள் முன்னறிவிப்பு வேண்டும், இன்று கேட்டு நாளை மணம் கிடையாது. விவாகரத்து 2022 ஏப்ரலிலிருந்து யார் தப்பு என்று சொல்லாமலே வாங்கலாம். ஆனால் விண்ணப்பத்திலிருந்து முதல் கட்ட உத்தரவுக்கு 20 வாரம், அதன்பின் ஆறு வாரம், ஆக அரை வருடத்துக்குக் குறையாது. கைதானவரைக் குற்றம் சாட்டாமல் போலீஸ் பொதுவாக 24 மணி நேரம்தான் வைத்திருக்கலாம். பெரிய குற்றம் என்றால் மேலதிகாரி 36 மணியாக நீட்டலாம், அதற்கும் மேல் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். திங்கள் கைதானவர் வியாழன்வரை காரணமில்லாமல் உள்ளே இருந்தால் கதை பொய்யாகிவிடும். டாக்டர் அப்பாயின்ட்மென்டும் நினைத்த நேரத்தில் கிடைக்காது. காலை எட்டு மணிக்குப் போன் வரிசையில் காத்திருப்பது ஊருக்கே தெரிந்த அனுபவம், அதையே ஒரு சீனாக எழுதலாம்.

ஷூட்டிங்கை நினைத்து எழுதுவது

ஸ்கிரிப்ட் மாதக்கணக்கில் முன்னதாகப் போகும், ஷூட்டிங் வாரக்கணக்கில் முன்னதாக. சீன்கள் வரிசையாக எடுக்கப்படாது. ஒரு டைரக்டர் தன் எபிசோடுகளின் கேரேஜ் சீன்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் எடுப்பார், வியாழன் சண்டை காலையிலும் திங்கள் டிராயர் மதியத்திலும் வரலாம். அதனால் ஒவ்வொரு சீனின் தலைப்பிலும் அந்த நேரத்தில் யாருக்கு எவ்வளவு தெரியும் என்று ஒரு வரி சேருங்கள். நடிகருக்கு அதைவிட உதவியான குறிப்பு கிடையாது. அது இல்லாமல் போனால் திங்கட்கிழமை முகத்தில் வியாழக்கிழமை குற்ற உணர்ச்சி எட்டிப்பார்க்கும், எடிட்டில் அதைத் திருத்த வழியில்லை.

குழந்தை நடிகர்களுக்கு உள்ளாட்சி உரிமமும் வேலை நேர வரம்பும் உண்டு. குழந்தையைக் கதையின் சாவியாக வைத்தால் அந்தச் சாவி ஒன்றிரண்டு குறுகிய சீனிலேயே திரும்ப வேண்டும். கூட்டம் நிறைந்த பப் சீன் வாரத்துக்கு ஒன்று பெரியதாக, மற்றவை பாரின் ஒரு மூலையில். யாராவது உடல்நலம் இல்லாமல் வரமுடியாமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு விஷயக் கடத்தலுக்கும் மாற்று ஆள் யார் என்று முன்பே யோசித்து வையுங்கள். பஸ் ஸ்டாப்பில் தாயைப் பார்ப்பவர் யாராக இருந்தாலும் சரி. பேரன் மட்டும் மாற்ற முடியாதவன்.

எபிசோட் பேங்க், அதாவது முன்னதாக எடுத்து வைத்த எபிசோட்களின் கையிருப்பு, எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2020 சாட்சி. கொரோனாவால் ஷூட்டிங் நின்றதும் கையிருப்பு தீர்ந்து 'ஈஸ்ட்எண்டர்ஸ்' ஜூன் 16க்குப் பிறகு ஒளிபரப்பை நிறுத்தியது, செப்டம்பர் 7 அன்றுதான் திரும்பி வந்தது.

இரவு ஒன்பது மணிக்கு முன் ஒளிபரப்பாவதால் கெட்ட வார்த்தை, ரத்தம், தற்கொலை முறையின் விவரம் எல்லாவற்றுக்கும் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதியில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. இது எழுத்தைக் கெடுப்பதில்லை. கொடுமையைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து காட்டச் சொல்கிறது, தெருவும் அதை அப்படித்தான் அறிகிறது. முதியவர் பணத்தை எடுப்பது போன்ற விஷயத்தைத் தொட்டால், அதில் வேலை செய்யும் அமைப்போடு ஸ்டோரி கட்டத்திலேயே பேசிவிடுங்கள். முடிந்தபின் உதவி எண் போடுவது மட்டும் போதாது. பொருளின் பெயரிலும் கவனம் வேண்டும். பிபிசியில் காசு வாங்கிப் பிராண்டைக் காட்ட முடியாது, ஐடிவியில் 2011-இலிருந்து விதிக்கு உட்பட்டு முடியும். ரோவர்ஸில் நியூட்டன் அண்ட் ரிட்லி, குயின் விக்கில் லக்ஸ்ஃபோர்ட் அண்ட் காப்லி என்று இரண்டு பப்பிலும் கற்பனை பீர்தான்.

பேச்சு

வடக்கில் "டீ" என்றால் மாலைச் சாப்பாடு, குடிக்கிற டீ "ப்ரூ". இது தெரியாமல் "டீக்கு வா" என்ற வசனத்துக்குக் கப் சாஸரை அடுக்கியவர்கள் உண்டு. சொந்தக்காரரை ஆங்கில "அவர்" (our, 'எங்கள்') சேர்த்துச் சொல்வார்கள், "அவர் கெயில்" என்றால் எங்க வீட்டுக் கெயில். கடைக்காரர் முகம் தெரியாதவரையும் "லவ்" என்று அழைப்பார், அதில் காதல் இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லவைக்காதீர்கள். "அப்பா செத்து நாலு வருஷம் ஆச்சே, நீதானே கேரேஜை எடுத்து நடத்துற" என்று தங்கை அண்ணனிடம் பேச மாட்டாள். "அப்பாவோட ஸ்பேனரை இன்னும் கழுவாமத்தான் வெச்சிருக்கியா?" என்று கேட்டால் அத்தனையும் வந்துவிடும்.

அடுத்த திங்கள்

வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டவருக்கும் முதல் மூன்று நிமிடத்தில் நிலைமை புரிய வேண்டும், பார்த்தவருக்கு அது ரிபீட் ஆகவும் கூடாது. விருந்திலிருந்து நேராகத் தொடராமல் திங்கள் காலையில் ஆரம்பியுங்கள். தாய் கேக் தட்டைக் கழுவுகிறாள். ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டுகள் ஒன்றுகூட இல்லை. மகன் பூவோடு வருகிறான், கடையில் விட்டுவந்த பூனை உணவு டின்னையும் வாங்கி வந்திருக்கிறான். அவள் வாங்கி, அலமாரியில் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டியை எடு. பேங்குல ஒரு கையெழுத்துப் போடணும், நீயும் கூட வரணும்" என்கிறாள். சாவி அவன் கையில். பக்கத்து வீட்டுச் சமையலறையில், அதே சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் மூடும் சத்தம்.